மூணாம் நம்பர் பம்ப்

மைலேஜ் பாக்குறதுல முக்காவாசிப் பேர் ஏமாந்துதான் போறாங்க சார். டேங்கை நிரப்பிட்டு ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்துல வைக்கணும். அரை டேங்காவது தீரணும். அப்புறம் அதே பங்க், அதே பம்ப். குழாய் முதல் தடவை தானா நின்னதும் எடுத்துடணும், கூடக் கொஞ்சம்னு ஆசைப்படக் கூடாது. ஓடின கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால வகுத்தா நிஜம் தெரிஞ்சுடும். ஒரு லிட்டர், ரெண்டு லிட்டரை வச்சுக் கணக்குப் போட்டா அது சும்மா பேத்தல்.

பத்தொன்பது வருஷமா நோட்டுல எழுதிட்டு வர்றேன். நான் குழாய்கிட்ட நிப்பேன். வண்டிக்குள்ள இருந்து கிலோமீட்டரைப் படிச்சுச் சொல்றது என் வீட்டுக்காரி. பையன் வெளிநாடு போனப்புறம் நாங்க வாய்விட்டுப் பேசிக்கிட்டதே அதுதான்னு வைங்களேன். என்னைவிட வண்டி மேலதான் உங்களுக்குப் பிரியம்னு கேலி பண்ணுவா. போன வருஷத்தோட அந்தக் கேலியும் நின்னுபோச்சு.

அன்னைக்குக் காலையில ரெண்டு பெட்டியைக் கட்டி வாசல்ல வச்சா. தங்கச்சி வீட்டுக்குப் போறேன், இனி அங்கேயே இருந்துக்குறேன்னா. சண்டையெல்லாம் இல்ல. என் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு அலமாரியில அடுக்கிட்டுத்தான் சொன்னா. நானும் சரின்னேன். பெட்டியைத் தூக்கும்போது அவளுக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிச்சு. வேர்த்துக் கொட்டிச்சு. கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து வண்டியில உக்கார வச்சேன்.

பதினஞ்சு நிமிஷத்துல போற ஆஸ்பத்திரிக்கு ஏன் ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சுன்னு மூணு தடவை கேட்டுட்டீங்க. பெட்ரோல் போடப் போனேன்னு சொன்னேன். பொய் இல்ல. என் பங்க் ஊருக்கு அந்தப் பக்கம், ஒன்பது கிலோமீட்டர். மூணாம் நம்பர் பம்ப்ல நாலு வண்டி நின்னுச்சு. மத்த பம்பெல்லாம் காலிதான். நான் வரிசையிலயே நின்னேன்.

"என்னங்க, முடியலங்க. அப்புறம் போட்டுக்கலாம்."

இதோ ஆச்சுன்னேன். அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். எத்தனையோ மாசம் கழிச்சு அவ கை என் கையில இருந்துச்சு சார், உதறலை. எங்க முறை வந்ததும் இறங்கி நின்னு மீட்டர் எவ்வளவுன்னு கேட்டேன். மூச்சு வாங்கிச்சு, ஆனா சொன்னா.

"பதினெட்டு புள்ளி நாலு."

ஆஸ்பத்திரி வாசல்ல கதவைத் திறந்தப்போ அவ உடம்புல உசிரு இல்ல.

நோட்டு உங்ககிட்டதான் இருக்கு, பாத்திருப்பீங்க. முந்தின நாள் சாயங்காலம்தான் அதே பம்ப்ல டேங்கை நிரப்பி நேரா வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அவளை வச்சுக்கிட்டுப் போனப்போ பிடிச்சது ஒரு லிட்டரும் சொச்சமும். பத்தொன்பது வருஷத்துல அரை டேங்க் தீராம நான் போட்டது அந்த ஒரு தடவைதான். மைலேஜ் பாக்கப் போகலை சார். ஆஸ்பத்திரிக்குப் போனா பொழைச்சுக்குவா, பொழைச்சா தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவா. அந்த வீட்டுல நான் மட்டும் தனியா உக்காந்திருக்கறதை நினைச்சா எனக்குப் பயமா இருந்துச்சு.

போறேன் போறேன்னு சொன்னாளே தவிர, கடைசி வரைக்கும் அவ என்னை விட்டுப் போகவே இல்ல. அதையும் எழுதிக்குங்க.