இரண்டாம் மாடியின் பதினோரு நிமிடங்கள்

குளிர்நீரில் இலையை ஊறவைத்துக் குடிக்கிற தெரெரேவுக்கு ஐஸ் பொடியாக இருக்க வேண்டும். கட்டியாகப் போட்டால் தண்ணீர் குளிர்வதற்குள் இலை கசந்துவிடும். அசுன்சியோனில் ஜனவரி மாதக் கோடையில் வேலை பார்க்கிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, அரசு வழக்கறிஞர் அம்மா. உங்கள் மேஜையிலும் ஒரு குளிர்நீர்க் குடுவை இருக்கிறது. ஆனாலும் நான் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள், ஜனவரி ஏழாம் தேதி, எங்கள் மருத்துவமனையில் ஒரு சின்னக் கோளாறு ஆரம்பித்தது. காலை பத்து மணி வாக்கில் இரண்டாம் மாடியின் நெட்வொர்க் அறுந்துபோகும். பதினோரு நிமிடம் கழித்துத் தானாகவே திரும்பிவரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுவதில்லை. கேபிளை மாற்றினேன். நெட்வொர்க் பெட்டியை மாற்றினேன். மூன்று வாரமாகியும் காரணம் தெரியவில்லை. நெட்வொர்க் நிர்வாகத்தில் எனக்குப் பதினாறு வருட அனுபவம்.

எங்கள் நெட்வொர்க் எப்படிப்பட்டது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டிடம் முழுவதும் ஒரே கம்பிதான் ஓடுகிறது. சம்பளப் பட்டியல், எக்ஸ்ரே படம், இதய மானிட்டர்களின் அலாரம், வருகிறவர்கள் கைபேசியில் பார்க்கிற கால்பந்து எல்லாம் அதில்தான் போகின்றன. ஆனால் ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாது. ஒவ்வொரு தகவல் துண்டின் நெற்றியிலும் ஒரு எண் ஒட்டப்படும். வழியில் இருக்கிற பெட்டி அந்த எண்ணைப் படித்து, அதற்குரிய கதவை மட்டும் திறக்கும். ஒரு கம்பிக்குள் முப்பது மெய்நிகர் வலையமைப்புகள். சிமெண்ட் இல்லாத சுவர்கள். நிர்வாக மென்பொருளில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறம் உண்டு. அலாரங்களுக்கு நாற்பது, மஞ்சள். ஓர் இணைப்பை ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற இரண்டு கிளிக் போதும், நாற்காலியை விட்டு எழ வேண்டாம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

தொண்ணூற்றொன்பது என்று சாம்பல் நிறத்தில் ஓர் எண் இருக்கிறது. பயன்பாட்டில் இல்லாத இணைப்புகளை அதில் போட்டுவைப்போம். அந்த எண்ணுக்கு எங்கும் கதவு கிடையாது. எங்கள் அறையில் அதைக் கல்லறை என்போம்.

இத்தனையையும் பதினான்கு மாதம் உட்கார்ந்து அமைத்தவள் நான். நிர்வாகக் குழுவின் முன் விளக்கியவர் என் மேலாளர், இன்ஜினியர் ரெகால்தே. மருத்துவமனையின் விளம்பரப் புத்தகத்தில் அவர் படம் போட்டு 'ரெகால்தே வடிவமைப்பு' என்று அச்சிட்டார்கள். ஆனால் இரண்டாம் மாடி அறுந்தபோது மட்டும் அது என் நெட்வொர்க் ஆகிவிட்டது.

"வாங்க, தோஞா பதினொண்ணு," என்பார் திங்கட்கிழமைக் கூட்டத்தில், 'பதினொன்று அம்மணி' என்று எனக்குப் பட்டம் சூட்டி. "உங்க பெட்டிக்கு மட்டும் மதியத் தூக்கம் காலையிலயே வந்துடுதா?"

"தொழிற்சங்கத்துல சேர்த்துவிடுங்க இன்ஜினியர், ஓவர்டைம் கேக்கும்," என்பான் யாராவது ஒருவன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி, பத்து மணிக்கு முன்பே இரண்டாம் மாடிக்குப் போய்க் காத்திருந்தேன். தலைமை நர்ஸ் தெயோலிண்டா குனிந்து, சுவரிலிருந்து ஒரு கறுப்பு பிளக்கைப் பிடுங்கினாள். அது நெட்வொர்க் பெட்டியின் பிளக். அந்த இடத்தில் ஐஸ் பொடிக்கும் இயந்திரத்தை மாட்டினாள். திருநாளுக்காக நர்ஸ்கள் தங்களுக்குள் சேர்ந்து வாங்கிய பரிசு அது.

"என்ன சுனில்டா, மூஞ்சி வெயில்ல வச்ச வெண்ணெய் மாதிரி இருக்கு. உக்காரு, ஒரு வாய் குடி."

"அந்த பிளக்கை ஏன் புடுங்கின?"

"இந்தக் கறுப்பையா? சுவத்துல இருக்கிறது ஒரே ஓட்டை. நான் என்ன பண்ண? குடிச்சு முடிச்சதும் மாட்டிருவேன். மறந்தாலும் கம்ப்யூட்டரே ஞாபகப்படுத்திடும்."

"உன் மேஜை மேல அலாரத் திரை சாம்பலாயிடுச்சே, பார்க்கலையா?"

"அது தெரெரே நேரம்டி. தானா வந்துடும்."

ஞாயிறு வேலைக்கு வருகிறவர்கள் கட்டி ஐஸ் போட்டே குடித்துவிடுகிறார்களாம். புதிர் அவிழ்ந்தது. சொல்வதற்காகக் கீழே வந்தேன். எங்கள் அறையிலும் தெரெரே சுற்றிக்கொண்டிருந்தது. ரெகால்தே ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல், உட்கார்ந்திருக்கிற வரிசையில் வரும். போதும் என்றால் நன்றி சொல்வோம். அதுவரை யாருடைய முறையையும் தாண்டக் கூடாது. நான் உட்கார்ந்தேன். எனக்கு இடப்பக்கம் இருந்தவன் குடித்துக் கொடுத்தான். ரெகால்தே மறுபடி ஊற்றி, என்னைத் தாண்டி வலப்பக்கம் நீட்டினார்.

"தோஞா பதினொண்ணுக்குப் பதினோரு நிமிஷம் கழிச்சு," என்றார்.

நான் நன்றி சொல்லியிருக்கவில்லை, அம்மா. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் சொல்லவில்லை. என் கணினிக்குப் போய் உட்கார்ந்தேன். அவருடைய கடவுச்சொல் அவர் விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும், எல்லோருக்கும் தெரியும். மறுநாளிலிருந்து அவர் பெயரில் உள்ளே போனேன். தெயோலிண்டா பிளக்கை மாட்டியதும் இரண்டாம் மாடி திரும்பிவரும். அந்தக் கணத்தில் அலாரங்களை மட்டும் நாற்பதிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்கு மாற்றினேன். கம்ப்யூட்டர்கள் வேலை செய்தன. அலாரத் திரை மட்டும் சாம்பலாகவே இருந்தது. முதல் நாள் ஐந்து நிமிடம். இரண்டாம் நாள் பத்து. ஒவ்வொரு நாளும் ஐந்தைக் கூட்டினேன். பொறுப்பாகவே செய்தேன். நர்ஸ்கள் கண்டுபிடித்துப் புகார் கொடுப்பார்கள், 'ரெகால்தே வடிவமைப்பு' தெருவுக்கு வரும் என்பதுதான் திட்டம். யாரும் புகார் கொடுக்கவில்லை. மூன்று வாரம் தினமும் சாம்பலைப் பார்த்தவர்களுக்கு அது சுவரின் நிறமாகிவிட்டது. அவர்களின் அந்த அலட்சியத்தைப் பற்றியும் விசாரிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆறாம் நாள் முப்பது நிமிடம். 10:06க்கு மாற்றினேன். கல்லறைக்குள் எத்தனை தகவல் வந்து முட்டுகிறது என்று மென்பொருள் எண்ணிக் காட்டும். மானிட்டர்கள் அமைதியாக இருந்தால் அந்த எண் சோம்பலாக நகரும். 10:14க்கு ஓடத் தொடங்கியது. 207ஆம் அறை. அது அலாரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, அந்த ஓட்டத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டிடத்தில் இல்லை. ஏசிக்காக அறைக்கதவுகளை மூடிவைத்திருப்பார்கள். உள்ளே அடிக்கிற ஓசை நர்ஸ் மேஜைக்குக் கேட்காது.

திட்டப்படி இன்னும் இருபத்திரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. நான் திட்டத்தை மாற்றவில்லை. சோதனையை நடுவில் நிறுத்தினால் முடிவு கிடைக்காது. 10:36க்கு அலாரங்களை நாற்பதுக்குத் திருப்பினேன். திரை ஒளிர்ந்தது, தெயோலிண்டா ஓடினாள்.

207இல் இறந்துபோன தோன் எலாடியோவுக்கு வயது அறுபத்தொன்று. பேருந்து ஓட்டுநர். பித்தப்பை அறுவைக்கு வந்தவர். முந்தின நாள் தெயோலிண்டாவிடம் ஒரு வாய் தெரெரே கேட்டு, மருத்துவர் அனுமதிக்கட்டும் என்ற பதிலை வாங்கியிருக்கிறார். அவர் மனைவி பாஸிலியா சிப்பா ரொட்டி வாங்கக் கீழே போயிருந்தார். இதெல்லாம் செய்தித்தாளில் படித்தது.

தெயோலிண்டா தன் கைதான் பிளக்கைப் பிடுங்கியது என்று அழுகிறாளாம். உன் கை இல்லை என்று அவளிடம் நான் சொல்லவில்லை. அது உங்கள் வேலை.

ரெகால்தேவை நீங்கள் கைது செய்து ஒன்பது நாளாகிறது. பதிவேட்டில் அவர் பெயர் இருப்பதால் செய்தது அவர்தான் என்று முடிவுகட்டிவிட்டீர்கள். நேற்றுத் தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் அந்த மாற்றத்தைப் படம் போட்டு விளக்கினார். ஒரு மாடி முழுக்க வேலை செய்ய, அலாரம் மட்டும் சுவடில்லாமல் மறைந்தது மிக நுட்பமான வேலையாம். ரெகால்தே அபாரமான மூளைக்காரராம். என்னால் இரவுச் சாப்பாடு சாப்பிட முடியவில்லை. அந்த மனிதருக்கு நாற்பதுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் வித்தியாசம் தெரியாது. வலையமைப்பை எடுத்துக்கொண்டார், இதையும் எடுத்துக்கொள்ளவா? இல்லை. செய்தது நான். சுனில்டா பெனேகாஸ். முழுப் பெயரையும் எழுதுங்கள்.

கோளாறு சரியாகிவிட்டதா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. சரியாகிவிட்டது. இன்று காலை இங்கே வருவதற்கு முன் இரண்டாம் மாடிக்குப் போனேன். சுவரில் இருக்கும் ஒரே ஓட்டையில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டினேன். அதன் முதல் ஓட்டையில் நெட்வொர்க் பெட்டி, இரண்டாவதில் ஐஸ் இயந்திரம். பத்து மணிக்கு ஐஸ் பொடித்தார்கள், எதுவும் அறுந்துபோகவில்லை. புதிதாக எதையும் வாங்கவில்லை. அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. இருபத்தெட்டாம் தேதி நான் கீழே இறங்கி வந்தது அதை எடுக்கவும்தான்.