பெட்டியின் காலி மூலை

பாஸ்கு காலத்தில் பாவசங்கீர்த்தன வரிசை நீளமாக இருக்கும் என்றுதான் மத்தியான வெயிலிலேயே வந்துவிட்டேன் சுவாமி. என் பாவம் சின்னதுதான், ஆனால் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அரசாங்கத்திடம் பொய் சொன்னேன். சீமையிலிருந்து வந்த ஒரு விளையாட்டுப் பெட்டியைத் தோல் சாம்பிள் என்று சொல்லிச் சுங்கத்தைத் தாண்ட வைத்தேன்.

நீங்கள் ஊருக்குப் புதிது, என்னைத் தெரிந்திருக்காது. பேர் சூசை. பேகம்பூரில் சௌகத் அலி பாயின் தோல் பதனிடும் ஷாப்பில் இங்கிலீஷ் கடிதங்கள் எழுதுவது நான்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. ஒரே ஒரு பைத்தியம் உண்டு. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய சமயத்தில், தோல் வாங்க வந்து இங்கே தங்கியிருந்த ஒருவர் தன் சாமான்களை ஏலம் போட்டார். ஆளாளுக்கு நாற்காலியும் பீங்கானும் எடுத்தார்கள். யாரும் சீந்தாத ஒரு அட்டைப் பெட்டியை முதலாளி எனக்கு எடுத்துக் கொடுத்தார். உள்ளே மடித்து வைத்த பலகையில் ஒரு கடல் இருந்தது. கடலோரம் துறைமுகங்கள், சரக்கேற்றிச் செல்ல மரக்கப்பல்கள், வழியை மறைக்க மூடுபனிச் சீட்டுகள். எதிராளி எந்தத் துறைமுகத்துக்குப் போகிறான் என்பதை அவன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். விதிப் புத்தகத்தைப் படித்து நான் முதலாளிக்குச் சொல்லிக்கொடுத்தேன். இந்த ஊரில் அதை ஆடத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

பிரசுரித்தவர்களின் விலாசம் பெட்டியின் அடியில் இருந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேர், வீட்டுக் கொட்டகையிலேயே அச்சடித்துப் பெட்டி ஒட்டி விற்பவர்கள். எந்தக் கடையிலும் கிடைக்காது, எழுதிக் கேட்டால்தான் உண்டு. அதே வகையில் இன்னொரு ஆட்டம் வேண்டும் என்று எழுதினேன். கப்பல் தபாலில் பதில் வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விட்டது. இந்தியாவுக்கு அனுப்பிப் பழக்கமில்லை, பணம் இங்கிலீஷ் பவுனாக வரவேண்டும் என்றார்கள். பாங்கில் போய்க் கேட்டேன். ரிசர்வ் பாங்கின் அனுமதி வேண்டும், எதற்கென்று சொல்ல வேண்டும் என்றார் ஏஜெண்டு. சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏன் சார், மிஷின் வாங்கவே நாட்டுல செலாவணி இல்லங்கிறான். ஒங்களுக்குத் தாயக்கட்டம் வேணுமாக்கும்" என்றார்.

பிறகு மிஷன் சிஸ்டர் ஒருவர் விடுமுறையில் சீமைக்குப் போனபோது சொல்லி அனுப்பினேன். பெட்டி வந்தது, ஆனால் வந்த கோலம் இருக்கிறதே. தங்கம் ஒளித்திருக்கிறதா என்று சுங்கத்தில் பலகையைக் கீறிப் பார்த்திருந்தார்கள். சீட்டுகளைச் சூதாட்டச் சாமான் என்று எடுத்துக்கொண்டார்கள். மூடுபனி இல்லாமல் அந்த ஆட்டம் ஆட முடியாது. காலண்டர் அட்டையைக் கத்தரித்து நானே மூடுபனி செய்தேன்.

அப்போதுதான் மாதிரிப் பார்சலைப் பற்றி யோசித்தேன். எங்கள் தோல் லண்டனில் பார்லோ என்ற தரகர் மூலம் விலை போகிறது. எந்தக் கட்டுத் தோலில் என்ன குறை என்று காட்ட, அதிலேயே ஒரு துண்டு வெட்டி அவர் கட்டித் திருப்பி அனுப்புவார். அந்த நாற்றத்துக்குப் பயந்து சுங்கத்தில் யாரும் பிரிப்பதில்லை, முத்திரை குத்தித் தள்ளிவிடுவார்கள். அண்ணன் தம்பியிடம் எனக்கு ஒரு பெட்டி வாங்கி அதற்குள் வைத்து அனுப்ப முடியுமா என்று துரையைக் கேட்டேன். பார்சலுக்கு ஒரு சொந்தச் சாமான் வைக்கிறேன், அதற்கு மேல் கேட்காதே என்று எழுதினார். முதலாளிக்கும் இது தெரியும், சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இதுதான் நான் சொல்ல வந்த பாவம்.

இவ்வளவுதானா என்கிறீர்களா? முதலாளியின் வீட்டம்மாள் பாதையில் கொஞ்சம் குறுக்கே வந்துவிட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. முதலாளி ஜும்மா தொழுகை முடித்துச் சாப்பிட்டதும், அவர் வீட்டு முன்னறையில் பலகையை விரிப்போம். உள்ளறை வாசலில் ஒரு பச்சைத் திரை தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி ஜுலைகா பீவி இருப்பார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. டீ டம்ளரோடு கை மட்டும் வெளியே வரும். "சூசையண்ணே, இன்னிக்கு ஒங்களுக்குச் சுத்தபோசனம்ல? சமோசால கறி வைக்கல, வெங்காயந்தான். கூச்சப்படாம எடுத்துக்கங்க" என்பார். நம் சுத்தபோசனத்தை என் தங்கையே சில வாரம் மறந்துபோவாள், அவர் மறந்ததில்லை. ஆட்டத்தை அவர் பார்க்க முடியாது, காதால் கேட்டே புரிந்துகொள்வார். முதலாளி இருமினால், "அது பொய் இருமல்ணே. கப்பல வேற பக்கம் திருப்புறாரு, பாத்துக்கங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். முதலாளி தலையிலடித்துக்கொள்வார். அப்படி அவர் சொல்லித்தான் பல ஆட்டங்களில் நான் ஜெயித்தேன்.

அந்தக் குரல்தான் முதலில் கெட்டது. காலையில் சரியாக இருக்கும், பொழுது சாயச் சாய மூக்கால் வரும், குழறும். அப்புறம் இமையைத் தூக்க முடியவில்லை. கஞ்சியை விழுங்க முடியவில்லை. மதுரையில் ஒரு டாக்டர் நோயைக் கண்டுபிடித்தார். தசைகள் சோர்ந்துபோகிற நோய், இதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது, விடாமல் சாப்பிட்டால் நன்றாக நடமாடலாம், ஆனால் இங்கே எப்போதாவதுதான் கிடைக்கும், லண்டனிலிருந்து தருவித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கைவசம் இருந்த ஒரு புட்டியைக் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை திரைக்குப் பின்னாலிருந்து பழைய குரல் வந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா சுவாமி? அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சூசை, இந்தத் தடவ ஒன் பொட்டி வேணாம்ப்பா. அந்தத் தொரைக்கு எழுதி மாத்திரையப் போடச் சொல்லு. எம்புட்டு ஆனாலும் சரி" என்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. லண்டனைப் பொறுத்தவரை அவருடைய வாய் நான்தான். எழுதிவிடுகிறேன் என்றேன்.

அதே வாரம் அண்ணன் தம்பியிடமிருந்து தபால் வந்தது. தொழிலை மூடுகிறார்களாம். கடைசியாகச் செய்த பெரிய ஆட்டத்தில் ஒரே ஒரு பெட்டி மிச்சம் இருக்கிறதாம், பழைய வாடிக்கை என்பதால் எனக்காக எடுத்து வைத்திருக்கிறார்களாம்.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். மாத்திரை லண்டனில் என்றைக்கும் கிடைக்கும். இந்தப் பெட்டி போனால் போனதுதான். புட்டியிலோ இன்னும் மாத்திரை இருந்தது. நான் எதையும் மறுக்கவில்லை, முன்னதைப் பின்னதாக்கினேன், அவ்வளவுதான். பெட்டி இந்தப் பார்சலில், மாத்திரை அடுத்த பார்சலில்.

புட்டி காலியாகிக்கொண்டு வந்தபோது முதலாளி தவித்தார். பம்பாயில் அவருடைய மச்சான் ஒருவருக்குத் தெரிந்த மருந்துக்கடையில் அந்த மாத்திரை இருக்கிறதாம். ரயிலேறப் போகிறேன் என்று பெட்டி படுக்கையைக் கட்டிவிட்டார். நான்தான் நிறுத்தினேன். "பார்சல் கப்பல்ல வந்துட்டிருக்கு முதலாளி. அம்மாவ இந்த நெலமைல தனியா விட்டுட்டுப் போறது நல்லாருக்குமா?" என்றேன். பம்பாய் போனால் அங்கிருந்தே லண்டனுக்கு அவர் ஒரு தந்தி கொடுக்கச் சொல்லியிருப்பார், எந்த மாத்திரை என்று துரை திருப்பிக் கேட்டிருப்பார், நான் எழுதவே இல்லை என்பது வெளிப்பட்டிருக்கும். முதலாளி படுக்கையை அவிழ்த்தார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

பார்சல் வந்தது. ஷாப்பில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரித்தேன். பெட்டியின் மூடியைத் திறந்ததும் புது அச்சு மை வாசனை வந்தது. பலகை, கப்பல்கள், சீட்டுகள் எல்லாம் கச்சிதமாக அடுக்கியிருந்தன. ஒரு மூலை மட்டும் காலியாக இருந்தது. அதில் ஒரு மருந்துப் புட்டி தாராளமாக உட்காரும். அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பார்சலுக்கு ஒரு சாமான் என்ற விதியால்தான் இப்படியாயிற்று என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விதி என்ன விதி சுவாமி. துரை நல்ல மனிதர். ஒரு பெண் விழுங்க முடியாமல் கிடக்கிறாள் என்று தெரிந்திருந்தால் அந்த மூலையில் ஒரு புட்டியைச் செருகியிருப்பார். அல்லது பெட்டியைத் தூர வைத்துவிட்டு மாத்திரையை விமானத்திலேயே அனுப்பியிருப்பார். அதனால்தான் நோயைப் பற்றி அவருக்கு நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

மாத்திரையைத் துறைமுகத்தில் சுங்கத்தார் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் அரசாங்கத்தை வாயில் வந்தபடி திட்டினார். நானே மதராஸ் போய் மீட்டு வருகிறேன் என்றேன். என் தங்கை லூர்தம்மாளைச் சிறுமலையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், வாழைத் தோட்டக்காரர்கள். மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். என் மடியில் பெட்டி இருந்தது.

அங்கே குளிர்ச்சியாக இருந்தது. தங்கை வீட்டுப் பின்கட்டில் பலகையை விரித்து, இரண்டு பக்கத்துக்கும் நானே ஆடி, விதிகளைப் படித்தேன். அருமையான ஆட்டம் சுவாமி, அந்த அண்ணன் தம்பிக்கு இருந்த மூளை இனி யாருக்கும் வராது. இறங்கிப் போய்விடலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தேன். இறங்கிப் போய் மட்டும் எதைக் கொடுப்பது? என்னிடம் மாத்திரை இல்லையே.

நான் இறங்கி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. சாயங்காலம் ஒரு வாய் கஞ்சி தொண்டையில் சிக்கியதாம். முதலாளி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "எனக்காக மதராஸ் வரைக்கும் அலஞ்சியே சூசை. கூடப் பொறந்தவன் செய்வானா? கடைசில வாய் கொழறிக்கிட்டே, சூசையண்ணன் மருந்தோட வந்துட்டாரா, வந்துட்டாரானு கேட்டுக்கிட்டே இருந்தா. நீ ரயில்ல வந்துட்டிருக்கேனு சொன்னேன்" என்றார். அவர் கண்ணீர் என் தோளில் பட்டது. அந்தச் சட்டையை நான் பிறகு போடவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் முதலாளியே கூப்பிட்டார். "வீட்டுக்குள்ள இருக்க முடியலப்பா. அந்தப் பலகைய எடுத்துட்டு வா, செத்த நேரம் ஆடுவோம்." பழைய பலகையில் அவருக்கு அந்த அம்மாளின் நினைவு வருமே என்று புதுப் பெட்டியை எடுத்துப் போனேன். எப்படி வந்தது என்றார். சிஸ்டர் கொண்டுவந்தார் என்றேன். அன்றிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் ஆடுகிறோம். பச்சைத் திரை இன்னும் தொங்குகிறது. முதலாளி இருமினால் அது நிஜமா பொய்யா என்று சொல்ல ஆளில்லை, நானும் கண்டுபிடிக்க முயல்வதில்லை. பெரும்பாலும் அவரை ஜெயிக்க விட்டுவிடுகிறேன். அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே ஆறுதல் அந்த ஆட்டம். அதைக் கொண்டுவந்து சேர்த்தது யார் என்பதையும் தாங்கள் யோசிக்க வேண்டும்.

என்ன சொன்னீர்கள் சுவாமி? கொலையா? அந்த வார்த்தை கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. மனசாட்சி இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். பொழுது சாய்ந்தால் எனக்கு எச்சில்கூட விழுங்க முடிவதில்லை. அந்தக் காலி மூலையைப் பார்க்கச் சகிக்காமல் பஞ்சை வைத்து அடைத்திருக்கிறேன். முதலாளியிடம் போய்ச் சொல் என்கிறீர்கள். சொல்லலாம்தான். ஆனால் அதன் பிறகு அவர் யாரோடு ஆடுவார்?

சுங்கத்தாரிடம் சொன்ன பொய்க்கு என்ன அபராதம் வேண்டுமானாலும் கொடுங்கள், செய்கிறேன். ஜெபமாலையோ, சிலுவைப் பாதையோ, முழங்காலிலேயே கோயிலைச் சுற்றி வருவதோ, எதுவானாலும் சரி. வெள்ளிக்கிழமையை மட்டும் விட்டுவிடுங்கள் சுவாமி. அன்றைக்கு எங்களுக்கு ஆட்டம் இருக்கிறது.