தம்பிக்கு வாங்கிய பேஸ் கித்தார்

கித்தார் வாசிக்கிறவன் பேஸ் கித்தார் வாங்கப் போனால் முதலில் கழுத்தைத்தான் பார்க்க வேண்டும். பலர் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். நம் விரல்களுக்கு மெல்லிய கம்பிதான் பழக்கம். பேஸின் கம்பி தடிமன், கழுத்தும் நீளம், ஒரு கல்யாணம் முழுக்கத் தோளில் மாட்டி நின்றால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. குட்டைக் கழுத்தாகப் பார்த்து எடுத்தால் கைக்கு அடங்கும், விலையும் குறைவு. அந்தக் கித்தாரை ஏன் வாங்கினாய் என்று நீங்கள் கேட்டதால்தான் இவ்வளவும் சொல்கிறேன், ஐயா.

யூசுப் அண்ணனின் இசைக்குழுவில் நானும் என் தம்பி ஸ்ரீஸ்கந்தராஜாவும் கித்தார் வாசித்தோம். வீட்டில் அவனை ஸ்ரீ என்போம். கல்யாணம், பிறந்தநாள், திருவிழா என்று பினாங்கில் நாங்கள் ஏறாத மேடை குறைவு. லீட் கித்தார் என்னுடையது. ஸ்ரீ பின்னால் நின்று தாளத்துக்கு வாசிப்பான். போன வருஷம் எங்கள் பேஸ்காரர் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். யூசுப் அண்ணன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கைக்காசில் டீ வந்தால் பின்னாலேயே கெட்ட செய்தியும் வரும்.

"நாகா, தப்பா எடுத்துக்காதே. லீட்டு இனிமே தம்பி வாசிக்கட்டும்லா. நீ பேஸுக்கு மாறிக்கோ. அவன் கை வேற மாதிரிப்பா."

சரி என்றேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஸ்ரீ என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறவன். மறுநாள் வேலை விட்டதும் நேரே யூசுப் அண்ணனிடம் போய்ப் பேசிவிட்டு வந்து நின்றான்.

"அண்ணே, பேஸ் நான் எடுத்துக்கிறேன். எனக்கு அதான் பிடிச்சிருக்கு. லீட்டு நீயே வாசி."

பச்சைப் பொய். அவனுக்கு பேஸ் என்றாலே ஆகாது. என் இடத்தை அவன் பறித்திருந்தால் கொஞ்ச நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவன் அதை எனக்கே பிச்சை போட்டான். அதுவும் சிரித்துக்கொண்டே போட்டான். ஒவ்வொரு மேடையிலும் அந்தச் சிரிப்போடு எனக்குப் பின்னால் நின்றான்.

"ஆனா நீதான் பாத்து வாங்கித் தரணும். எனக்கு ஒண்ணும் தெரியாது. மலிவா இருந்தா போதும்" என்றான்.

ரோப் வாக் சந்தையில் பழைய வாத்தியங்கள் விற்கும் ஆ ஹுவாட்டிடம் போனேன். இரண்டு பேஸ்கள் இருந்தன. ஒன்று ஜப்பான் சாமான், கழுத்து கோடு போட்டது போல் நேராக இருந்தது. இன்னொன்று பேர் தெரியாத சாமான், குட்டைக் கழுத்து, ஒரு கம்பி மட்டும் லேசாக இரைந்தது. அதை எடுத்தால் எம்ப்ளிஃபையர் பெட்டியையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். பெட்டியில் மாட்டிக் கம்பியைத் தொட்டதும் புறங்கையில் சுருக்கென்றது. ஆ ஹுவாட் நேர்மையான மனிதர். "கசூட் பக்காய், ஓகே. காக்கி ஆயாம், ஜங்கான் மாயின்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசித்தால் ஒன்றும் ஆகாது, வெறுங்காலோடு மட்டும் வாசிக்காதே என்றார். அதையே வாங்கினேன்.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பழுது பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அந்தப் பெட்டியைத் திறந்து ஒரு வயரை மாற்றினால் போதும், ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. மாற்றவில்லை. கழுத்தைப் பற்றியும் கம்பியைப் பற்றியும் தம்பிக்கு எல்லாம் விளக்கினேன். காலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கல்யாண மண்டபங்களில் எல்லாரும் சப்பாத்தோடுதானே வாசிக்கிறோம், அவனை வீணாகப் பயமுறுத்துவானேன் என்று இருந்துவிட்டேன்.

பெட்டி யூசுப் அண்ணனிடமே இருக்கும், வீட்டில் ஸ்ரீ பெட்டி இல்லாமல்தான் பழகுவான். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் அவன் பிரமாதமாக வாசித்ததுதான். கல்யாண வீட்டுக்காரர்கள் என்னைத் தாண்டிப் போய் அவன் கையைக் குலுக்கினார்கள். யூசுப் அண்ணன், "இப்பதான்லா நம்ம பாட்டு பாட்டா இருக்கு" என்றார். ஸ்ரீ உடனே, "அண்ணன் வாங்கிக் குடுத்த கித்தாருண்ணே" என்று பெருமையை என் பக்கம் தள்ளிவிட்டான். நான் குனிந்து வயரைச் சுருட்டினேன்.

பிறகு சுங்கை பினாங்கில் கோயில் திருவிழாக் கச்சேரி வந்தது. மேடை கோயில் வளாகத்துக்குள் இருந்தது. மேடை ஏறுகிறவர்கள் சப்பாத்தைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கச்சேரி முடிவான அன்றே எனக்கு அது ஞாபகம் வந்தது. பெட்டியைத் திறந்து பார்க்க அப்போதும் நேரம் இருந்தது.

அன்று மத்தியானம் நல்ல மழை. மேடையின் நடுவில் கம்பளம் விரித்திருந்தார்கள். முன்பக்கம் சிமெண்டுத் தரை ஈரமாகவே கிடந்தது. வயர் இழுத்த தங்கராஜு ஒவ்வொரு இணைப்பையும் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டினான். அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. அம்மா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

சுருதி சேர்க்கும்போது ஸ்ரீ என் காதருகே வந்தான்.

"அண்ணே, லேசாக் கடிக்குதுலா."

"போன வாரம் மாத்துன புதுக் கம்பிதானே, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

நம்பினான். நான் எதைச் சொன்னாலும் அவன் நம்புவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

வாசிக்கும்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை. யாருடைய முறை வருகிறதோ அவரைப் பார்த்து லீட் கித்தார்காரன் தலையசைப்பான். அவர் மேடையின் முன்னால் வந்து நின்று தன் பகுதியை வாசிப்பார். மூன்றாவது பாட்டில் நான் ஸ்ரீயைப் பார்த்துத் தலையசைத்தேன். அவன் சிரித்தான். கம்பளத்தை விட்டு இறங்கி ஈரச் சிமெண்டில் கால் வைத்தான்.

ஒரு அதிர்ச்சி அடிக்கும், துள்ளுவான், கூட்டம் சிரிக்கும், அவனுக்கு பேஸே வெறுத்துப் போகும் என்றுதான் நினைத்தேன். பேஸை விட்டால் லீட் வாசிக்கத்தானே வருவான் என்று நீங்கள் கேட்பீர்கள். அதை நான் யோசிக்கவில்லை, ஐயா. அவனுடைய விரல்கள் கம்பியை விட்டு வரவில்லை. உடம்பு உதறியது. ஆடுகிறான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள்.

அவனுடைய சப்பாத்து கோயில் வாசலில் என் சப்பாத்தை ஒட்டியே இருந்தது. இரண்டையும் நான்தான் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் நெஞ்சு வெடித்துவிட்டது. இதை நீங்கள் நம்ப வேண்டும், எனக்கு இருந்தது ஒரே தம்பி. அம்மா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நீயாவது இருக்கியேப்பா" என்று அழுகிறாள். எனக்கு அந்த வீட்டில் மூச்சுவிட முடியவில்லை.

நீங்கள் லாக்கப்பில் வைத்திருக்கிற தங்கராஜுவை விட்டுவிடுங்கள், ஐயா. அந்தப் பெட்டிக்குப் போகிற ஸ்விட்ச் என் காலடியில்தான் இருந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அதை அணைத்தவன் தங்கராஜு. அதுவரை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். பாட்டைப் பாதியில் நிறுத்தினால் தம்பிக்குப் பிடிக்காது.