வலது பக்கம் இருந்தவன்

ஓடுகிறோம். செவ்வாய்க்கிழமை. காலை டீ நேரம். பாதி டீயோடு தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுகிறேன். அதைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. தலைக்கு மேலே மொபெட் மேடு ஏறுகிற சத்தம். ட்ர்ர்ர். ட்ர்ர்ர். அது மொபெட் இல்லை. ஆளில்லாமல் பறந்து வந்து விழுந்து வெடிக்கிற விமானம். மூன்று வாரமாக வருகிறது. சத்தம் கேட்கிறவரை பயமில்லை. நின்றால்தான் பயம். நின்றால் விழுகிறது என்று அர்த்தம்.

"கொழாய்க்குள்ள போ மாப்ள! கொழாய்க்குள்ள!"

கத்துவது பாண்டி. வெல்டர். செக்கானூரணிக்காரன். என் அறையில் எனக்கு வலப்பக்கத்துக் கட்டில் அவனுடையது.

மதிலோரம் சாக்கடை வேலைக்கென்று கொண்டுவந்து போட்ட கான்கிரீட் குழாய். குனிந்தால் நுழையலாம். எங்களுக்கு அதுதான் பதுங்கு குழி. நான் முதலில் நுழைகிறேன். உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்காருகிறேன். பாண்டி வாயிலேயே நிற்கிறான். பாதி உடம்பு உள்ளே, பாதி வெளியே. மெஸ் சமையல்காரர் சிக்கந்தர் பாய் திரும்பி ஓடுகிறார். அடுப்பு எரிகிறதாம். கேஸை மூட வேண்டுமாம்.

"பாய்! கேஸ விடுங்க பாய்! ஓடியாங்க!"

சத்தம் நின்றது.

அடுத்து வந்ததுதான் என் வலது காது கடைசியாகக் கேட்டது.

என் பெயர் ஜெபராஜ். மதுரை வில்லாபுரம். ஏசி மெக்கானிக். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில், குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தேன். நாட்டின் பெயரை எழுதவில்லை. நம் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். என் வாயால் அவர்களுக்கு ஒரு தொல்லை வரக்கூடாது. மற்றதை மறைக்கப் போவதில்லை.

புழுதி. வாயெல்லாம் சிமெண்டு. இடது காதில் மட்டும் ஒரு குரல் வருகிறது.

"மாப்ள. இருக்கியா?"

"இருக்கேன்டா."

"சீட்ட வாசி மாப்ள."

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வருடப் பிறப்பு ஆராதனையில் எங்கள் சபையில் ஒரு தட்டில் வசன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். வாக்குத்தத்தம் என்போம். ஒவ்வொருவரும் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடம் முழுவதும் கடவுள் உனக்குக் கொடுத்த வார்த்தை அதுதான். ஊரில் இல்லாதவர்களுக்கு வீட்டார் எடுக்கலாம். எனக்காக என் மனைவி மெர்சி எடுத்தாள். பக்கத்திலும் வலது பக்கத்திலும் எத்தனை பேர் விழுந்தாலும் அந்த ஆபத்து உன்னிடம் வராது என்கிற வசனம் வந்தது. மெர்சி போனில் அழுதாள். இதைவிட என்ன வேண்டும் என்றாள்.

லீவில் ஊருக்குப் போயிருந்த பாண்டிதான் அதைக் கொண்டுவந்தான். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் போய், மாங்காய் ஊறுகாய் பாட்டிலும் அட்டையும் வாங்கிக்கொண்டு வந்தான். வந்ததும் பங்கு கேட்டான்.

"செமந்து கொண்டாந்தது யாரு? நானு. அப்ப ஊறுகாயில பாதி எனக்கு. அந்தச் சீட்டும் எனக்கு."

"அது எங்க சாமி சீட்டுடா."

"இருந்துட்டுப் போகுது. எங்க கருப்பனுக்குக் கடல் தாண்டி வர விசா கெடைக்கல. அதுவர ஒஞ்சாமி பாத்துக்கட்டும்."

சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தினமும் சட்டை மாற்றுவான். அட்டையும் மாறும்.

இப்போது குழாய்க்குள் அவன் அதைத்தான் வாசிக்கச் சொல்கிறான். அவன் இடுப்புக்குக் கீழே மதில் கிடக்கிறது. தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அந்த வசனம் எனக்கு மனப்பாடம். வாயைத் திறந்தேன். வரவில்லை. என் பக்கத்தில்தான் அவன் விழுந்து கிடக்கிறான். அவனிடமே அதை எப்படிச் சொல்வது? பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன். ஐந்து வயதிலிருந்து சொல்கிற ஜெபம். நடுவில் மறந்து போனது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் இங்கனதான் இருக்கேன் மாப்ள."

"நிப்பாட்டாத. சொல்லிட்டே இரு."

சொன்னேன். அதையே சொன்னேன். இங்கனதான் இருக்கேன். இங்கனதான் இருக்கேன். வெளியே மெஸ் எரிகிற சத்தம். தகரம் ஒவ்வொன்றாக வெடிக்கிறது. எப்போது அவன் கை கனத்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். என்னை வெளியே இழுத்தவர்கள்தான் என் வாயைப் பொத்தினார்கள்.

இடது கையில் தம்ளர் இருந்தது. எவர்சில்வர். ஒரு நசுங்கல்கூட இல்லை. அதற்கும் யாராவது வாக்குத்தத்தம் எடுத்திருப்பார்களோ என்று ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நினைத்தேன். கோபமாகத்தான் நினைத்தேன்.

ஊர் வந்தேன். வில்லாபுரம் விமான நிலையத்துக்குப் பக்கம். விமானம் தாழ்ந்துதான் போகும். முன்பு நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். இப்போது சத்தம் கேட்டால் உட்காருகிறேன். சத்தம் தேய்ந்து நின்றால் படுக்கிறேன். அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு வாடிவாசலுக்கு மைக் கட்டுகிறவன் வேட்டு ஒன்று போட்டான். ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்துச் சாக்கடையில் இறங்கினேன். ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை.

நடக்க முடிந்ததும் செக்கானூரணிக்குப் போனேன். பெட்டி வந்து, அடக்கம் முடிந்து, கருமாதியும் முடிந்திருந்தது. பாண்டியின் மனைவி செல்வி தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்தாள். அட்டை. ஓரம் கருகியிருந்தது.

"இது உங்க வீட்டுதுண்ணே. அவரு பையில இருந்துச்சாம்."

வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கட்டுமாண்ணே? உங்க சாமி பேரு பாத்துத்தேன் காப்பாத்துமா?"

குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். பஸ்ஸுக்கு வழி கேட்பது மாதிரி. எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் எப்படிச் செத்தார் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் சொல்கிறேன், வந்து கேளுங்கள் என்றேன். அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்த ஞாயிறுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மெர்சியின் தம்பி ஜோயல். இருபத்தெட்டு வயது. எலக்ட்ரீசியன். அதே நாட்டுக்குப் புறப்படுகிறான். சண்டை ஓய்ந்துவிட்டதாம். தல்லாகுளத்தில் ஏஜென்ட் சொல்லிவிட்டாராம். போகாதே என்று நான் சொன்னேன். மெர்சி சொன்னாள். மெர்சியின் அம்மா, என் அத்தைதான் கேட்கவில்லை.

"உங்களையே பத்திரமாக் கொண்டாந்து சேத்த கர்த்தரு, இவனக் கைவிட்ருவாராக்கும்?"

என்னைக் காட்டித்தான் அவனை அனுப்புகிறார்கள். நான் உயிரோடு நிற்பதே அவனுக்கு விசா. பாஸ்டர் வேறு தோளில் தட்டினார்.

"பிரதர், ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லுங்க. அன்னைக்கே தம்பிக்கு ஜெபம் பண்ணி அனுப்பிருவோம்."

சரி என்றேன். என் சாட்சியைக் கேட்டால் போக மாட்டான் என்று நம்பினேன். முட்டாள்தனம்.

எங்கள் சபையில் சாட்சிக்கு, கடவுள் தனக்குச் செய்ததை எல்லார் முன்னும் சொல்வதற்கு, ஒரு வழி உண்டு. முதலில் ஆபத்து. பிறகு டாக்டர் கைவிரித்தது. பிறகு ஜெபம். பிறகு விடுதலை. முடிவில் எல்லா மகிமையும் கர்த்தருக்கே. நானே பைக் சறுக்கிய கதையை அப்படிச் சொன்னவன்தான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சொல்வேன்.

ஞாயிறு. சபை நிறைந்திருக்கிறது. செல்வி கடைசி வரிசைப் பாயில், சுவரோரம். நெற்றியில் திருநீறு. மைக்கைப் பிடிக்கிறேன். மெஸ்ஸில் சிக்கந்தர் பாய் செத்தார் என்றேன்.

"ஸ்தோத்திரம்!"

முன்வரிசையிலிருந்து. எனக்கு வந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்று வியக்கிறார்கள். குளியலறையில் இருந்த ஒடிசாக்காரன் கோபால் வெளியே வரவே இல்லை என்றேன்.

"ஸ்தோத்திரம்! அல்லேலூயா!"

இன்னும் பலமாக. நான் சாவைச் சொல்லச் சொல்ல அவர்களுக்கு அற்புதம் பெரிதாகிறது. எத்தனை பேர் விழுகிறார்களோ அத்தனைக்கு நான் காக்கப்பட்டவன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வழிக்குத்தான் போகிறது. என் வலது பக்கம் பாண்டி செத்தான் என்றேன். சபை முழுவதும் எழுந்தது. கை தட்டினார்கள். வலது பக்கம் என்ற வார்த்தை அவர்களுக்கு வசனத்தை ஞாபகப்படுத்திவிட்டது. செல்வி யாரையும் பார்க்காமல் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையிலிருந்து அட்டையை எடுத்தேன். உயர்த்திக் காட்டினேன்.

"இது அவன் பையில இருந்துச்சு. எம் பையில இல்ல."

சத்தம் நின்றது. குனிந்துவிடப் பார்த்தேன். மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாஸ்டர் மெதுவாக மைக்கை வாங்கினார். கெட்டவர் இல்லை. என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு பாட்டைத் தொடங்கினார். ஜோயல் முன்னால் போய் முழங்காலிட்டான். அவன் தலைமேல் கைகளை வைத்தார்கள்.

செல்வி வெளியே போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போனேன். அவள் நிமிர்ந்தாள்.

"ஒரு ஆளுகூட ஐயோன்னு சொல்லலையேண்ணே."

மெர்சி உள்ளிருந்து வெறுங்காலோடு ஓடி வந்தாள். செல்வியைக் கட்டிக்கொண்டாள். ஐயோ என்றாள். சபைக்குள் கேட்கிற மாதிரி, வாய்விட்டு, தெருவில் நின்று அழுதாள். அதற்குப் பிறகுதான் செல்வி அழுதாள். அங்கேயே வாசல்படியில் உட்கார்ந்து, குழாய்க்குள் நடந்ததை முழுவதும் செல்வியிடம் சொன்னேன். கையைப் பிடித்திருந்ததைச் சொன்னேன். என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். தலையை ஆட்டினாள். அது போதும்ணே என்றாள்.

அந்த வாசல்படியில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. காப்பாற்றுவதாகக் கடவுள் எனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று இனி நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் குழாய்க்குள் அவர் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இங்கனதான் இருக்கேன் என்று என் வாய் சொன்னது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அதைத் தவிர எனக்கு வேறு விசுவாசம் மிச்சமில்லை. அதை மட்டும் விட மாட்டேன்.

ஜோயல் புறப்பட்ட அன்று விமான நிலையத்துக்குப் போனோம். வாசலில் அத்தை ஜெபம் பண்ணினார். ஜோயல் என்னைத் தனியே இழுத்தான். சட்டைப் பையைத் திறந்து காட்டினான். அவனுக்கு வந்த வாக்குத்தத்த அட்டை. லேமினேட் செய்திருந்தான்.

"கவலப்படாதீக மாமா. நான் இத யாருக்கும் குடுக்க மாட்டேன்."

என் சாட்சியிலிருந்து அவன் எடுத்துக்கொண்டது இதுதான். ஓங்கி அறையலாம் போல் இருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டேன். விமானம் எங்கள் தெருவுக்கு மேலேதான் போயிருக்கும். நான் விமான நிலையச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் தேய்ந்தது. நின்றது. அவனோடு கூட இரும் ஆண்டவரே என்றேன். வேறு எதையும் அவரிடம் கேட்கவில்லை.

இழந்த கணக்கு இது.

பாண்டி. வெல்டர். செக்கானூரணி. மனைவி செல்வி. அடுத்த லீவில் வீட்டுக்கு மாடி எடுப்பதாக இருந்தான்.

சிக்கந்தர் பாய். சமையல்காரர். மதுரை முனிச்சாலை. கேஸை மூடிவிட்டுத்தான் விழுந்தார். மூடாதிருந்தால் நாங்கள் பதுங்கிய குழாயும் மிஞ்சியிருக்காது என்று பிறகு சொன்னார்கள். எந்தச் சபையிலும் இதை யாரும் சாட்சியாகச் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோபால். ஒடிசா. ஊர் தெரியாது. தகப்பன் பெயர் தெரியாது. கோபால் என்பதே நாங்கள் கூப்பிட்ட பெயராக இருக்கலாம்.

என் வலது காது. டூல்ஸ் பெட்டி. பாதி பாட்டில் ஊறுகாய். வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போன ஒரு வசனம்.

ஜோயல் சனிக்கிழமைதோறும் போன் பண்ணுகிறான். போன வாரம், மேலே மொபெட் மாதிரி ஏதோ போகுது மாமா என்றான். இந்தச் சனிக்கிழமை போன் இன்னும் வரவில்லை. கோபாலின் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் எழுத இடம் இருந்தது. கோடு போட்டு அடைத்துவிட்டேன்.