மயிலை வாய்

குறுக்க பேசாமக் கேக்கறதா இருந்தாச் சொல்றேன். காங்கேயத்துக்குத் தெக்கால வெள்வேலம்பாளையம்னு ஒரு ஊரு. ரொம்பக் காலத்துக்கு முந்தி அங்க பாவாத்தான்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் போயிட்டான், புள்ளையும் இல்லை. கிளுவை வேலி போட்ட மேச்சக்காடு ஒண்ணு, மயிலைன்னு ஒரு பசு, அவ்வளவுதான் அவளுக்கு. பொறந்த ஊட்டுச் சீரா வந்த மாட்டோட கன்னுக்குட்டிதான் அந்த மயிலை. புள்ளையாட்டம் வளத்தாளாம்.

அப்பவெல்லாம் கொழுக்கட்டைப் புல்லு முழங்காலுக்கு நிக்குமாம். கதிர் முத்தி விதை கீழ விழுகற வரைக்கும் காட்டுப் படலைத் தொறக்கப்படாதுன்னு ஊருக்கட்டு. படல்னா வேலி வாசல்ல சாத்தற முள்ளுத் தட்டி. அப்புறம் சந்தையில மாட்டுக்குக் கிராக்கி வந்துச்சு. நாலு மாடு மேஞ்ச காட்டுல பத்தை உட்டாங்க. பத்தாததுக்கு ஆட்டையும் உட்டாங்க. ஆடு வேரோட புடுங்குமுங்க! மழையும் வருசா வருசம் கொறைஞ்சுட்டே வந்துச்சாம். முழங்கால் புல்லு கணுக்காலுக்கு எறங்கிப் போச்சு. மாடு பெருகுனதைத்தான் பாத்தாங்க, புல்லு கொறைஞ்சதை ஆரு பாத்தா?

ஒரு வருசம் மானம் அடியோட பொய்ச்சுப் போச்சு. ஐப்பசித் தூறல்ல முளைச்ச கொஞ்சப் புல்லு பூ எடுக்கையிலயே எல்லாரும் படலைத் தொறந்துட்டாங்களாம். வாயில்லாச் சீவன் பசியில கத்துனா ஆருதான் சும்மா இருப்பாங்க? பாவாத்தா மட்டும் தொறக்கலை.

புருசனோட தம்பி சென்னியப்பன் வந்தானாம். "ஏனுங் நங்கை, ஊரே தொறந்துருச்சு. நீங்க மட்டும் ஆருக்குக் காவல் காக்கறீங்க?"

"விதைக்குச் சென்னியப்பா. இதும் போச்சுன்னா, நாளைக்கு மழை வந்தா என்ன முளைக்கும்? மாடு மோந்துகூடப் பாக்காத எருக்கலையா?"

மயிலைக்குக் கிளுவைத் தழை ஒடிச்சுப் போட்டாளாம். வெள்வேலங்காய் உலுக்கிப் போட்டாளாம். பனையோலையைக் கிழிச்சுப் போட்டாளாம். எல்லாம் தீந்து போச்சு. மயிலை வேற எங்கயும் போகலை. படல்கிட்டயே நின்னு, உள்ள இருக்கற புல்லைப் பாத்து "ம்மா... ம்மா..."ன்னு கத்துமாம். பாவாத்தா படல்ல கையை வெப்பாளாம், எடுத்துக்குவாளாம். பெத்த வயிறு இல்லைன்னாலும் வளத்த வயிறு எரியாதுங்களா? "கதிர் இன்னும் பச்சையா இருக்குது கண்ணு. சித்த நாள் பொறுத்துக்கடி."

சென்னியப்பனுக்கே பொறுக்கலை. "ஒரு பிடி அறுத்துப் போட்டா என்னுங் கெட்டுப் போகுது?"

"ஒரு பிடி அறுத்தா அப்புறம் என்ர கை நிக்காதுடா."

ஒரு நாள் காத்தால வந்து பாத்தா, மயிலை படல்ல மூஞ்சியை வெச்சபடி செத்துக் கெடந்துச்சாம். உள்ள கதிர் அப்பத்தான் பழுத்து உதுரத் தொடங்கியிருக்குது. அட சாமி! மாருல அடிச்சுட்டு அழுதாளாம். "நேத்துப் பழுத்திருக்கக் கூடாதா, பாவிப் புல்லே!"

அடுத்த வருசம் மழை பேஞ்சுது. ஊருக் காடெல்லாம் எருக்கலையும் கொளுஞ்சியுந்தான். பாவாத்தா காடு ஒண்ணுதான் புல்லு. விதை முத்துனதும் சனமெல்லாம் கேக்கக் கூச்சப்பட்டு வேலியோரம் நின்னாங்களாம். அவளே கூடையில அள்ளிட்டு வந்தாளாம்.

"எல்லாருக்கும் தாரேன். ஆனா ஒண்ணு. படல் தொறக்கற அன்னிக்கு, இருக்கறதுலயே கிழட்டுப் பசுவைத்தான் மொதல்ல உடோணும். அதுக்கு வயிறு நெறையற வரைக்கும் வேற வாய் உள்ள போகப்படாது."

அப்புறம் சாகற வரைக்கும் அவ மாடே வளக்கலையாம்.

இன்னிக்கும் அந்த ஊருல அப்படித்தானுங்க. மயிலை வாய்னு அதுக்குப் பேரு. பால் வத்துன கிழட்டுப் பசு ஒண்ணு உள்ள தனியா மேயும். மத்த மாடெல்லாம் வெளிய நின்னு கத்தும். சனம் படலைப் புடிச்சுட்டு நிக்கும். அது படுத்து அசை போடற வரைக்கும் ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க.