குட்டி கேட்டவர்

போடிமெட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஏலத்தோட்டக்காரர்கள் இரண்டு பேர். இளையவர்தான் ஆரம்பித்தார்.

“நம்ம புல்டாக்குக்குக் கருத்தடை பண்ணிட்டேன், அண்ணே.”

“அடப்பாவி! காட்டுப்பன்னியவே மறிக்கிற நாய்லா அது? எனக்கு ஒரு குட்டி வேணும்னு சொல்லி வச்சிருந்தேனே!”

“தோட்டத்துல அது தங்கம்தான். வீட்டுல, அது திங்கும்போது பாப்பா பக்கத்துல போனா உறுமுது. அதோட அப்பனும் அப்படித்தானாம். வித்தவன் சொல்லல. அதோட குட்டி நாளைக்கு உங்க பேரப்பிள்ளையக் கடிச்சா என்ன செய்வீங்க?”

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எம் மகளுக்கு மாப்பிள்ளை பாத்தப்ப, தோட்டத்துல ஆள் எப்படின்னுதாம்ல விசாரிச்சேன். வீட்டுக்குள்ள எப்படின்னு கேக்காம விட்டுட்டேன்.”