பக்கத்தகட்டில் நாற்பத்தெட்டு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் ஜெயசீலன் தம்பி, உங்கள் அடுப்பு நல்ல அடுப்பு. புகை குறைவு. முந்திரி விறகு நாலு கட்டை இருந்தால் சோறும் குழம்பும் ஆகிவிடுகிறது. என் வீட்டுக்காரர் கால் வெந்துபோனதால், மீன்சுருட்டியில் முப்பது வீட்டுக்குக் கொடுத்ததையும் திரும்ப எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் ஆபீஸில் உங்களிடமும் விளக்கம் கேட்டிருக்கிறார்களாமே. அதனால்தான் வரச் சொன்னேன். அந்த மோரைக் குடியுங்கள், வெயிலில் வந்திருக்கிறீர்கள்.

அடுப்பின் சூட்டைக் குறிக்க நீங்கள் கொடுத்த நோட்டில் நான் எழுதியதெல்லாம் நிஜம். காலையும் மாலையும், உலை கொதித்ததும், அடுப்பு வாய், பக்கத்தகடு, பின்தகடு, கைப்பிடி என்று நாலு இடம். கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த மாதிரித் துப்பாக்கி. பளபளக்கும் தகட்டில் காட்டினால் அது பொய் சொல்லும், கரி பூசிய இடத்தில் காட்டுங்கள் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன்.

"அடுப்புக்குக் காய்ச்சல் பாக்குறா எம் பொண்டாட்டி. அப்படியே ஒரு கஷாயமும் வெச்சிக் குடு" என்று அவர் கேலி செய்வார். நானும் சிரிப்பேன்.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. லாரி ஓட்டப் போகிறேன் என்று மூன்று தடவை போனவர். மகள் நந்தினி வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது ஒன்று. அவளைப் பெண் கேட்டு பூலாம்பாடியிலிருந்து ஆள் வந்த வாரம் இன்னொன்று. மூன்றாவது தடவை ஒன்பது வருஷம். போன வருஷம் திரும்பி வந்தபோது சர்க்கரை முற்றி இரண்டு பாதமும் மரத்திருந்தன. முள் ஏறினாலும் தெரியாது.

"வெந்நி ஊத்துறதுக்கு முன்ன நீங்க தொட்டுப் பாத்து ஊத்தணும்மா" என்றார் டாக்டர். தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றினேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

கார்த்திகைக் கடைசியில் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"தை பொறந்ததும் கெளம்பலாம்னு இருக்கேன் சம்பூர்ணம்."

"எங்கங்க?"

"எங்கன்னா என்ன சொல்றது. நடக்க முடியுதுல்ல. ஒரே எடத்துல கெடந்தா மூச்சு முட்டுது. ஒனக்கென்ன, நீதான் பழகிட்டியே."

எனக்குக் கோபம் வரவில்லை தம்பி. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். மிச்சத்தையும் அரிந்து முடித்தேன்.

அடுப்பு கொடுத்த அன்று கூட்டத்தில் நீங்கள் பேசியது நினைவிருக்கிறதா? அறுபது டிகிரி என்றால் ஐந்து விநாடியில் தோல் வெந்துவிடும், நாற்பத்தெட்டு என்றால் கால் மணி நேரம் பிடிக்கும், அதற்குள் யாராக இருந்தாலும் சூடு தாங்காமல் எடுத்துவிடுவார்கள் என்றீர்கள். மற்ற பெண்கள் டிபன் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். யாராவது ஒன்று சொல்லிக்கொடுத்தால் விடமாட்டேன்.

மார்கழி பிறந்ததும் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டேன். காலை வையுங்கள், இதமாக இருக்கும் என்றேன்.

"எனக்கு என்ன தெரியுது. நீயே பாத்து வைய்யி."

இடது பாதத்தைத் தூக்கி, பக்கத்தகட்டில் கரி பூசிய இடத்தில் பொருந்த வைத்தேன். அவர் செல்போனில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். துப்பாக்கி என் மடியில். ஐம்பதைத் தொட்டால் ஒரு கட்டையை வெளியே இழுப்பேன். நாற்பத்தாறுக்கு இறங்கினால் உள்ளே தள்ளுவேன். அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். ஆத்திரத்தில் செய்கிறவளாக இருந்தால் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருப்பேனா?

நாலாம் நாள் உள்ளங்காலில் கொப்புளம் கண்டது. செருப்புக் கடித்திருக்கிறது என்று சொல்லித் துணி சுற்றினேன். மறுநாள் காலையில் துணியை அவிழ்த்துவிட்டு மறுபடியும் வைத்தேன். மொத்தம் பதினொரு நாள். புண்ணிலிருந்து வாடை வந்த பிறகும் ஒரு வாரம் பொறுத்துத்தான் அரியலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். தை பிறந்த அன்று முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அதனால் உங்கள் விளக்கத்தில் எழுதுங்கள்: அடுப்பில் பழுது இல்லை, சுட்டது நான். வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஸ்டேஷனுக்குச் சொல்வதானாலும் சொல்லுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கட்டும், அது போதும். நான் ஊட்டினால்தான் இப்போது இரண்டு வாய் இறங்குகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் கேட்டுவிட்டுப் போங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே ஒன்ன வுட்டு எங்கயும் போவ மாட்டேன் புள்ள" என்றார்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. யாரும் வற்புறுத்தவில்லை தம்பி, அவராகவேதான் சொன்னார்.